ஐந்தாவது பொட்டு

இரண்டாவது கடையிலும் மூத்தவள் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டுதான் வெளியே வந்தாள். கடைக்காரர் அதை வாங்கிய கையோடு திரைக்குப் பின்னால் கொண்டுபோகப் பார்த்தார். "இங்கயே திறங்க, நான் பாக்கணும்" என்று இவள் சொல்ல, "எங்க வேலையை நாங்க பாத்துக்கறோம்மா, நீங்க போய் ஒரு காபி குடிச்சிட்டு வாங்க" என்று அவர் சொல்ல, ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தார்கள். நாற்பத்தெட்டு வயதில், பட்டப்பகலில், ஒரு பழைய சிடி பிளேயருக்காக இப்படி ஒரு மல்லுக்கட்டு.

முதல் கடை இன்னும் மோசம். அங்கே இருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"வெச்சிட்டுப் போங்க. வெள்ளிக்கிழமை வாங்க."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் தாங்காதுங்க."

"பெட்டிதானேம்மா. தாங்கும்."

அவருக்கு என்ன தெரியும்? காலையில் வந்த டாக்டர் அவள் கணவரை வாசல்வரை கூட்டிப்போய், இன்றைக்குப் பொழுது தாண்டினாலே பெரிய விஷயம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அப்பாவின் பக்கத்தில் கணவரை உட்கார வைத்துவிட்டு, துணிப்பையில் பெட்டியைத் திணித்துக்கொண்டு இவள் கிளம்பியிருந்தாள். யாராவது பார்த்தால் காறித் துப்புவார்கள். பெற்ற தகப்பன் இழுத்துக்கொண்டு கிடக்கும்போது பாட்டுப் பெட்டி ரிப்பேர் செய்யப் போனாளாம் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தப் பெட்டி திறந்தால்தான் தம்பி வீட்டுக்குள் கால் வைக்க முடியும்.

அப்பா எடை அளவு ஆய்வாளராக இருந்தவர். முப்பத்தாறு வருஷம் கடை கடையாக ஏறித் தராசையும் படிக்கல்லையும் சோதித்து முத்திரை குத்தியவர். பஜாரில் அவருக்குப் பட்டப்பெயரே 'முத்திரை'. அவர் தெருமுனையில் திரும்பினாலே "முத்திரை வருது, முத்திரை வருது" என்று கடைக்குக் கடை சேதி போய்விடும். ஒரு சல்லிக்காசு லஞ்சம் வாங்கியதில்லை. அதே சமயம் ஒரு மனுஷனை நம்பியதும் இல்லை. பால்காரரிடம் வாங்கிய பாலை வீட்டில் இன்னொரு தடவை அளப்பார். மருந்துக்கடையில் கொடுத்த மாத்திரையை அட்டையோடு எண்ணுவார். பல் மருத்துவர் ஒருமுறை பிடுங்கிய பல்லைக்கூட "என்னோடதுதானா?" என்று வாங்கிப் பார்த்தவர் அவர்.

ஓய்வு பெற்ற மாதம் அந்த சிடி பிளேயரை வாங்கினார். வாங்கிய அன்றைக்கே ஆறு ஸ்க்ரூவையும் கழற்றி மூடியைத் திறந்து, மூத்தவளின் கல்யாணத்துக்கு வாங்கி மிச்சமிருந்த சிவப்பு நகச்சாயத்தை எடுத்து, உள்ளே இருந்த ஐந்து பாகங்களுக்கும் ஒவ்வொரு பொட்டு வைத்தார். நாளைக்கு ரிப்பேருக்குக் கொடுத்தால் உள்ளே இருப்பதை உருவிக்கொண்டு மட்டமானதை மாட்டிவிடுவார்களாம். பெட்டியோடு இலவசமாக ஒரு டிஸ்க் வந்தது. பன்னிரண்டு துண்டு இசை. அது போதும் என்று வேறு டிஸ்க்கே வாங்கவில்லை. பதினைந்து வருஷம் தினமும் காலையில் அதே பன்னிரண்டு. அந்த வீட்டுச் சுவர்களுக்கே அது மனப்பாடம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நாலாவது துண்டில் பெட்டி தாவ ஆரம்பித்தது. மேளம் ஒரே இடத்தில் நின்று டும்டும் டும்டும் என்று அடித்துக்கொண்டே இருக்கும். சின்னவன் அப்போது ஒரு ரிப்பேர் கடையில் வேலை பார்த்தான். வீட்டிலேயே மெக்கானிக் இருக்கும்போது வெளியே எதற்கு என்று அப்பாவே அவன் கையில் கொடுத்தார். இரண்டு நாளில் சரிசெய்து கொண்டுவந்தான். நன்றாகத்தான் பாடியது. அன்று சாயங்காலமே அப்பா மூடியைத் திறந்து பொட்டை எண்ணினார். நாலுதான் இருந்தது. லென்ஸ் சட்டத்தின் மேல் இருந்த பொட்டைக் காணோம்.

"அது வழியில இருந்துச்சு, துடைச்சேன்ப்பா" என்றான் சின்னவன்.

அதை அவர் கேட்டால்தானே? மறுநாள் காலை இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு, பேனாவைச் சொருகிக்கொண்டு, நேராகக் கடை முதலாளியிடம் போய் நின்றார். உங்கள் கடை ஆள் அசல் லென்ஸை எடுத்துக்கொண்டு போலியை மாட்டியிருக்கிறான் என்று எழுத்தில் புகார் கொடுத்தார். கீழே கையெழுத்தும் போட்டார். மகன் என்று ஒரு வார்த்தை அந்தக் காகிதத்தில் இல்லை. முதலாளி அன்றைக்கே சின்னவனை நிறுத்திவிட்டார். கூட வேலை பார்த்தவர்கள் எல்லாரும் பார்க்கப் பையை உதறிக் காட்டிவிட்டு வெளியே வந்தவன், அதற்குப் பிறகு அப்பா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. இப்போது ஏ.சி. பழுது பார்க்கிறான். அரை மணி நேரப் பயணத்தில்தான் வீடு.

நேற்று மத்தியானம் அப்பாவுக்கு நினைவு தெளிவாக இருந்தது. "தம்பியைக் கூப்பிடட்டுமா?" என்று மூத்தவள் கேட்டாள். கெஞ்சினாள் என்றே சொல்லலாம். அவர் மூச்சை இழுத்துப் பிடித்துச் சொன்னார்.

"பெட்டியை... ஒரு யோக்கியமான ஆளா பாத்து... உன் கண்ணு முன்னாடி திறக்கச் சொல்லு. உள்ள இருக்கறது நான் வாங்கினதுதான்னா... அவனைக் கூப்பிடறேன். தப்பு என் மேலன்னு... நானே சொல்றேன்."

"இல்லைன்னா?"

அதற்கு அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

யோக்கியமான ஆள்! அதை எந்தக் கடைப் பலகையில் எழுதியிருக்கிறார்கள்? பஜார் நடுவில் பையோடு நின்றவளைப் பார்த்து, தையல் கடைக்காரர் மிஷினை நிறுத்தினார்.

"ரிப்பேரா? மேல மாடியில கடைசி ரூமுக்குப் போங்க. ஒரு அம்மா இருக்காங்க. வாய் கொஞ்சம் நீளம். ஆனா கை சுத்தம்."

மாடி அறையில் ஒரு மேசை, ஒரு விளக்கு, பெயர் எழுதி ஒட்டிய டப்பாக்கள். ரிப்பேர்க்கார அம்மா பூதக்கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு இவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காருங்க. நான் என்ன பண்றேன்னு கண்ணை எடுக்காம பாருங்க. வீட்டுக்குப் போயிட்டு அதைக் காணோம் இதைக் காணோம்னு வரக் கூடாது, சொல்லிட்டேன்."

மூத்தவளுக்கு அந்த அம்மாவைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

மூடி திறந்தது. உள்ளே தூசி. தூசியைத் தூரிகையால் தள்ளியதும் சிவப்புப் பொட்டுகள் தெரிந்தன. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

"இது என்ன கண்றாவி? யாரு வெச்சது?"

"எங்க அப்பா."

"நகத்துக்குப் போடறதா?" அந்த அம்மா சிரித்துவிட்டார். "உங்கப்பா பொண்ணு பாக்கப் போன இடத்துலயும் அடையாளம் வெச்சிட்டு வந்திருப்பாரு போல. சரி, என்ன கோளாறு?"

"பாடறதே இல்ல. மூணு வருஷமா போடல."

"சும்மா வெச்சா கிரீஸ் காஞ்சு போகும். லென்ஸ் நகராது. அவ்வளவுதான்."

"அது இல்லீங்க நான் கேக்கறது. இந்த லென்ஸ் அசலா, மாத்தினதான்னு தெரியணும். அதுலயும் ஒரு பொட்டு இருந்துச்சு. இப்ப இல்ல."

அந்த அம்மா விளக்கை இழுத்து, பல் டாக்டர்கள் வைத்திருப்பது மாதிரிக் காம்பு வைத்த ஒரு சின்னக் கண்ணாடியை எடுத்து லென்ஸுக்கு அடியில் விட்டார். திருப்பினார். இன்னும் கொஞ்சம் திருப்பினார்.

"இங்க வாங்க. என் தோளுக்கு மேல எட்டிப் பாருங்க. என்ன தெரியுது?"

கண்ணாடிக்குள் ஒரு ஸ்க்ரூவின் தலை. அதன்மேல் சிவப்பாக, கெட்டியாக, விரிசல் இல்லாமல் ஒரு படலம்.

"உங்கப்பா லென்ஸ் சட்டத்து மேல வெச்ச பொட்டு பெரிசு. ஒழுகியிருக்கு. ஒரு சொட்டு லென்ஸ் ஓடற கம்பியில விழுந்து காஞ்சிருக்கு, கிரீஸ் இருந்தவரைக்கும் வழுக்கிட்டுப் போயிருக்கும், கிரீஸ் வத்தினதும் அதுலதான் தட்டித் தட்டி நின்னிருக்கும். யாரோ வெவரமான ஆள் அதைச் சுத்தமா துடைச்சிருக்காங்க. துடைக்கும்போது மேல இருந்த பொட்டும் போயிடுச்சு. நல்ல வேலை. நானா இருந்தாலும் அதைத்தான் செய்வேன். ஆனா இன்னொரு சொட்டு அடியில இறங்கி இந்த ஸ்க்ரூ மேல மூடிக்கிச்சு பாருங்க. லென்ஸைக் கழட்டணும்னா இந்த ஸ்க்ரூவைத் திருகணும். திருகினா சாயம் உடையும். உடையவே இல்ல. இதை யாரும் கழட்டல. கம்பெனியில மாட்டினபடியேதான் இருக்கு."

"நிச்சயமாவா?"

"எனக்குத் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுவேன். இது தெரியும்."

மூத்தவளுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. அது போன வேகத்தில் ஆத்திரம் வந்தது. பெட்டியைக் கெடுத்ததே அப்பா வைத்த பொட்டு. அதைச் சரிசெய்தவனைத் திருடன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததும் அப்பா. சின்னவன் பாவம், பாவம் என்று வாய்விட்டே சொன்னாள். அந்த அம்மா காதில் விழாத மாதிரி புது கிரீஸ் தடவினார். டிஸ்க்கைப் போட்டதும் நாலாவது துண்டு ஒரு தடுமாற்றமும் இல்லாமல் ஓடி ஐந்தாவதற்குப் போனது. கண்ணாடியில் தெரிந்ததைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, மாடிப்படியிலேயே உட்கார்ந்து தம்பியைக் கூப்பிட்டாள்.

அவன் முழுசாகக் கேட்டான்.

"அப்ப பொட்டு இல்லைன்னு திருடன். இப்ப பொட்டு இருக்குன்னு மகனா?"

"டேய், டாக்டர் இன்னைக்கே சொல்லிட்டாருடா."

அந்தப் பக்கம் எங்கோ ஒரு ஏ.சி. உறுமிக்கொண்டிருந்தது. அது நின்றது.

"அவரு கூப்பிடச் சொன்னாராக்கா? இல்ல நீயா கூப்பிடறியா?"

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. "நானாதான்" என்றாள்.

"அவரு கூப்பிட்டா வர்றேன்" என்று வைத்துவிட்டான். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவன்.

வீட்டில் அப்பா ஜன்னலோரக் கட்டிலில் தலையணையில் சாய்ந்தபடி இருந்தார். மூக்கில் ஆக்சிஜன் குழாய். கணவர் ஸ்பூனால் தண்ணீர் ஊற்ற, பாதி உள்ளே போய்ப் பாதி வெளியே வழிந்தது. இவள் பெட்டியைப் பக்கத்து முக்காலியில் வைத்துவிட்டு மூச்சு விடாமல் சொன்னாள். கம்பி, ஒழுகிய சொட்டு, அடியில் ஸ்க்ரூ, உடையாத சாயம். கைப்பேசியை அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள்.

அவர் பார்த்தார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, பழைய நாளில் தராசு முள்ளைப் பார்க்கிற மாதிரியே பார்த்தார்.

"போட்டோவுல... எந்தப் பெட்டின்னு... எப்படித் தெரியும்?"

அவளுக்கு அப்படியே கைப்பேசியைச் சுவரில் எறியலாம் போல வந்தது. 'செத்தாலும் இந்தப் புத்தி போகாது' என்று மனசுக்குள் ஓடிய பிறகுதான் என்ன நினைத்தோம் என்று உறைத்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கணவர் தலையைக் குனிந்துகொண்டு ஸ்பூனைத் துடைத்தார்.

"என் கண்ணால பாத்தேன்ப்பா. என்னையும் நம்ப மாட்டீங்களா?"

அவர் கண்ணைப் பெட்டிப் பக்கம் திருப்பினார். மூச்சு மட்டும் ஏறி இறங்கியது. சுவர்க் கடிகாரத்தில் பெரிய முள் இரண்டு கோடு நகர்ந்தது.

"அவன் நம்பர் போடு."

போட்டு அவர் காதில் வைத்தாள். மணி அடித்தது. சின்னவன் எடுத்து ஒன்றும் பேசாமல் இருந்தான். அப்பாவும் பேசாமல் இருந்தார். இருவருமே இப்படியே வைத்துவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"ஸ்க்ரூடிரைவர் எடுத்துட்டு வா" என்றார் அப்பா. முகத்தைத் திருப்பிக்கொண்டார். பேச்சு முடிந்தது.

"இவ்வளவுதானா?" என்று கணவர் இவள் காதோரம் கிசுகிசுத்தார்.

"அவருக்கு இதுவே ஜாஸ்தி."

நாற்பது நிமிஷத்தில் வந்துவிட்டான். கம்பெனி சட்டை, முழங்கையில் கருப்பு, தோளில் பை. செருப்பைக் கழற்றிவிட்டு அறை வாசலிலேயே நின்றான். அப்பா இவ்வளவு சின்ன ஆளாகிவிட்டிருப்பார் என்று அவன் எதிர்பார்த்திருக்க மாட்டான். மூத்தவள் அவன் முதுகில் கைவைத்து லேசாகத் தள்ளினாள். அப்பா அவனைப் பார்த்தார். பிறகு முக்காலியைப் பார்த்தார்.

சின்னவன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பெட்டியைத் தன் பக்கம் திருப்பி வேலையைத் தொடங்கினான். முதல் ஸ்க்ரூ வந்ததும் அதை எங்கே வைப்பது என்று சுற்றிலும் தேடினான். முக்காலியில் மருந்துப் பாட்டில்கள், டம்ளர், விரித்த துண்டு.

போர்வைமேல் கிடந்த அப்பாவின் கை மெல்லத் திரும்பி விரிந்தது.

"இதுல போடு... தொலைச்சிடாத."

அவன் போட்டான். விரல்கள் மூடிக்கொண்டன. அடுத்தது வந்ததும் விரிந்தன. இரண்டு, மூன்று. இவன் குனிந்து திருகுவதும், கையை நீட்டுவதும், அவர் வாங்கி மூடுவதுமாக ஆறும் போய்ச் சேர்ந்தன. மூத்தவள் கட்டிலின் அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூடியைத் தூக்கிக் கீழே வைத்தான். பையிலிருந்து டார்ச்சையும் ஒரு சின்னக் கண்ணாடியையும் எடுத்தான்.

"போதும்" என்றார் அப்பா. "மூடிடு."

"நீங்க இன்னும் பாக்கவே இல்லையே."

"பாத்தாச்சு."

"என்னத்தப் பாத்தீங்க? அடியில இருக்கு. கண்ணாடி வெச்சாதான் தெரியும்."

"மூடுடா."

அவர் 'டா' என்று சொல்லி மூன்று வருஷமாகிறது. மூத்தவளுக்குப் போதும் என்று இருந்தது. இதற்குமேல் அந்த மனுஷனிடம் எதிர்பார்க்க முடியாது, இதோடு விட்டுவிடேன்டா என்று கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் அவன் விடுகிற ஆளா? மூன்று வருஷமாகத் தொண்டையில் மாட்டிக்கொண்டு கிடப்பது. கடையில் எல்லார் முன்னாலும் பையை உதறிக் காட்டியவன்.

"இல்ல. நீங்க பாக்கணும்" என்றான். குரல் உடைந்திருந்தது. "உங்க கண்ணால நீங்க பாக்கணும்ப்பா."

பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக் கட்டிலின் விளிம்பில் சாய்த்து வைத்தான். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒரு கையால் பெட்டியைத் தாங்கி, மறு கையால் கண்ணாடியை லென்ஸுக்கு அடியில் விட்டான். கண்ணாடிக்குள் ஒரு சிவப்பு மினுங்கிவிட்டு ஓடியது. திரும்பவும் தேடிப் பிடித்தான். டார்ச்சைக் கழுத்துக்கும் தாடைக்கும் இடையில் இடுக்கிக்கொண்டான்.

"இதோ. தெரியுதா?"

அப்பாவின் கண்கள் அந்தப் பக்கம்தான் இருந்தன.

"தெரியலையா? இருங்க, திருப்பறேன்."

மூத்தவள் போர்வையைப் பார்த்தாள். இறங்கிய போர்வை ஏறவில்லை. கொஞ்சம் பொறுத்தாள், காலையிலிருந்தே மூச்சு அப்படித்தான் நின்று நின்று வந்தது. ஏறவில்லை. கால்மாட்டில் இருந்த கணவர் எழுந்து வாயைத் திறந்தார். வேண்டாம் என்று இவள் தலையை ஆட்டினாள்.

"இப்ப? அந்த ஸ்க்ரூ தலையில சிவப்பா இருக்கு பாருங்க. ஒரு கீறல்கூட இல்ல. நான் தொடவே இல்லப்பா. கம்பியை மட்டும்தான்..." கண்ணாடியை இன்னும் உள்ளே தள்ளினான். "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பவா?"

குழாயில் ஆக்சிஜன் மட்டும் உஸ் என்று போய்க்கொண்டிருந்தது.

அவன் கை நின்றது. தலையைத் தூக்கவில்லை. கண்ணாடியை மெல்ல வெளியே எடுத்தான். டார்ச்சை அணைத்துப் பைக்குள் போட்டான். பெட்டியை எடுத்து மறுபடி முக்காலியில் நேராக வைத்தான்.

"மூடச் சொன்னாருக்கா" என்றான்.

"ஆமாடா."

"ஸ்க்ரூ குடு."

அவள் கட்டிலைச் சுற்றி வந்து அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள். ஒன்றை எடுத்து அவன் கையில் வைத்தாள். அவன் மூடியைப் பொருத்தி, ஸ்க்ரூவை வைத்து, அவசரப்படாமல் திருகினான். இன்னொன்று கொடுத்தாள். கணவர் வெளியே போய் யாருக்கோ போன் செய்யும் சத்தம் கேட்டது. அவன் அடுத்ததற்குக் கையை நீட்டினான்.

ஆறாவது ஸ்க்ரூவும் இறுகிய பிறகுதான் அவன் நிமிர்ந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தான்.